பச்சை வரும்வரை அழுத்து

சாயங்காலம் ஆறு மணி. மறுநாள் காலை வெளியீடு. ஆயிரம் சோதனைகள் ஓடி முடிந்து திரையில் மூன்று சிவப்பு. புதிதாய்ச் சேர்ந்த பையன் பதறிப்போய் என்ன ஏதென்று பார்க்க உட்காருகிறான். பக்கத்து இருக்கை அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்: "அது எப்பவும் அப்படித்தான்டா. இன்னொரு தடவை ஓட்டு." ஓட்டுகிறான். ஒரே ஒரு சிவப்பு. மறுபடி ஓட்டுகிறான். எல்லாம் பச்சை. மேலாளருக்கு (பொட்டி தட்டுகிறவர்களின் அகராதியில் டேமேஜர்) மின்னஞ்சல் பறக்கிறது: எல்லாச் சோதனைகளும் தேர்ச்சி.

இந்தக் காட்சி ஒருமுறையாவது நடக்காத மென்பொருள் நிறுவனம் அபூர்வம். யாரும் இதைத் தப்பு என்றே நினைப்பதில்லை, அதுதான் கொடுமை. பரீட்சையில் தோற்ற மாணவன் ஒருவன், அதே கேள்வித்தாளைத் தேறும்வரை திரும்பத் திரும்ப எழுதி, தேறிய அன்றைய விடைத்தாளை மட்டும் வீட்டில் கொண்டுபோய்க் காட்டினால் அதற்கு என்ன பெயர்? கல்லூரியில் அதற்கு ஒரு பெயர் உண்டு, தண்டனையும் உண்டு. கணினித் துறையில் அதற்கு 'ரீட்ரை' என்று பெயர் வைத்து, கருவியிலேயே ஒரு பொத்தானும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பொத்தான் எதைக் கெடுக்கிறது என்று புரிய, அந்தச் சோதனைகள் எதற்காக வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாலு பேர் குழு. ஒருத்தர் லாகின் பக்கம், ஒருத்தர் தரவுத்தளம், ஒருத்தர் ரிப்போர்ட், நாலாமவர் 'டாக்குமென்டேஷன்' (அதாவது ஒன்றுமில்லை). மூன்று மாதம் அவரவர் கணினியில் அவரவர் பகுதி அருமையாக ஓடும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நாலையும் சேர்த்து ஒட்டுவார்கள். விடிய விடிய எதுவும் ஓடாது. பெரிய நிறுவனங்களிலும் 90-கள் வரை இதே கதைதான். ஆறு மாதம் எழுதுவது, பிறகு 'இன்டெக்ரேஷன் கட்டம்' என்று ஒன்றை வைத்து அதில் மாதக்கணக்காக முட்டி மோதுவது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கன்டினியூவஸ் இன்டெக்ரேஷன், தொடர் ஒருங்கிணைப்பு, சுருக்கமாக சிஐ. கென்ட் பெக் 1999-ல் எழுதிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் புத்தகம் அதை ஒரு பழக்கமாக முன்வைத்தது. 2000-ல் மார்ட்டின் ஃபவுலரும் மாத்யூ ஃபோமலும் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. சாரம் மிக எளிது. எல்லாரும் தினம் ஒருமுறையாவது தன் நிரலைப் பொது நிரலோடு சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒரு தனிக் கணினி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி, சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். உடைந்தால், வேறு எந்த ஆணியையும் பிடுங்காமல் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. தொயோட்டா தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் பழுதைக் கண்டால் ஒரு கயிற்றை இழுத்து அழைக்கலாம், பழுது உடனே சரியாகாவிட்டால் முழு வரிசையும் நிற்கும் என்பார்களே, அதே மனப்பான்மை.

கருவிகள் பின்னால் வந்தன. தாட்வொர்க்ஸ் நிறுவனத்திலிருந்து 2001-ல் குரூஸ்கன்ட்ரோல். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி எழுதி 2005-ல் வெளிவந்த ஹட்சன். சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு சண்டை வந்து 2011-ல் ஹட்சனிலிருந்து பிரிந்தது ஜென்கின்ஸ். (ஒரு கொசுறு: ஜென்கின்ஸில் நீண்ட காலம் தேர்ச்சிக்கு நிறம் நீலம். ஜப்பானில் போக்குவரத்துப் பச்சை விளக்கையே 'நீலம்' என்றுதான் சொல்வார்கள், எழுதியவர் ஜப்பானியர். அது பொறுக்காத மற்ற நாட்டவர்கள், உருண்டையைப் பச்சையாக்க என்றே ஒரு தனிச் செருகுநிரல் எழுதினார்கள். நிறத்தின் மேல் அப்படியொரு பக்தி.)

உலாவிச் சோதனையின் கதையும் இதே காலம்தான். 2004-ல் சிகாகோ தாட்வொர்க்ஸில் ஜேசன் ஹகின்ஸ், ஊழியர்கள் நேரக் கணக்கும் செலவுக் கணக்கும் பதியும் ஓர் உள் செயலியைச் சோதிக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கருவி எழுதினார். மனிதன் செய்வதையே அது செய்யும்: பக்கத்தைத் திற, பெட்டியில் எழுது, பொத்தானை அழுத்து, வந்ததைப் படி. அப்போது சோதனைக் கருவிச் சந்தையில் கோலோச்சியது மெர்குரி என்ற நிறுவனம், விலையும் அதற்கேற்ப. பாதரச விஷத்துக்கு முறிவு செலினியம் என்று கிண்டலடித்து வைத்த பெயர்தான் செலினியம். மெர்குரியை 2006-ல் எச்பி வாங்கி விழுங்கிவிட்டது. செலினியமோ இலவசமாக உலகம் முழுக்கப் பரவி, சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவரோடு கலந்து, 2018-ல் அந்த வெப்டிரைவர் டபிள்யூ3சி-யின் அதிகாரபூர்வத் தரமாகவே ஆகிவிட்டது. இன்று சென்னை வேளச்சேரிப் பக்கம் பயிற்சி மையப் பலகைகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். கற்றுத் தருவது எல்லாம் எந்தக் கட்டளை எந்தப் பொத்தானை அழுத்தும் என்பது. சிவப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை போலும்.

நிற்க. இதெல்லாம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013-ல் அமெரிக்க அரசே தன் செலவில் ஒரு செயல்முறை விளக்கம் காட்டியது.

ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, காப்பீடு இல்லாதவர்கள் இணையத்தில் திட்டங்களை ஒப்பிட்டு வாங்க ஹெல்த்கேர்.கவ் என்ற தளம். 36 மாநிலங்களுக்கு அதுதான் வாசல். 2013 அக்டோபர் 1 திறப்பு விழா. லட்சக்கணக்கானோர் வந்து மொய்த்தார்கள். முதல் நாள் முடிவில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் எத்தனை பேர்? ஆறு. ஆறு லட்சமோ ஆறாயிரமோ இல்லை, ஆறே ஆறு பேர். இரண்டாம் நாள் முடிவில் மொத்தம் 248. இதய நோயோ புற்றுநோயோ இருந்த காரணத்தால் அதுவரை எந்த நிறுவனமும் காப்பீடு தராத மனிதர்கள், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நாள்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதம் 24-ம் தேதி நாடாளுமன்றக் கீழவைக் குழு ஒப்பந்த நிறுவனங்களைக் கூப்பிட்டு விசாரித்தது. மொத்தம் 55 ஒப்பந்ததாரர்கள். ஒவ்வொருவரும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே பதில்: எங்கள் பகுதி சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து முதலிலிருந்து கடைசிவரை சோதித்தது எப்போது என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான். எவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கும் என்ற கேள்விக்கு, மாதக்கணக்கில் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பதில் வந்தது. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ஒட்டும் நாலு மாணவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கோடிக்கணக்கான டாலர் வித்தியாசம், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கதிதான் முக்கியம். திறப்புக்கு நாலு நாள் முன்பு, செப்டம்பர் 27-ம் தேதியிட்ட ஓர் உள் குறிப்பு பிறகு வெளியே வந்தது. வேலை இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் பகுதிகள் விட்டுப்போயின, இது உயர் ஆபத்தாகக் கருதப்படலாம் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. அதன் அடியிலேயே தளத்தைத் திறக்க அனுமதித்துக் கையெழுத்தும் இருக்கிறது. ஆக, சிவப்பு எரியாமல் இல்லை. எரிந்த சிவப்பைப் படித்துவிட்டே பச்சைக் கொடி காட்டினார்கள்.

ஆள் மாற்றி, கூகுள் போன்ற இடங்களிலிருந்து பொறியாளர்களைக் கூட்டி வந்து, இரண்டு மாதம் இரவு பகலாகத் தளத்தைத் தேற்றினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு அது வேலை செய்தது. அதே தளமும் மாநிலத் தளங்களுமாகச் சேர்ந்து 2014 ஏப்ரலுக்குள் 80 லட்சம் பேர் பதிந்தார்கள். அக்டோபரில் முடியாது என்றிருந்தது முடியக்கூடியதாகத்தான் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கதையைச் சொன்னால் இன்றைய டேமேஜர்கள் சிரிப்பார்கள். "அது அரசாங்கம். எங்களிடம் சிஐ இருக்கிறது, ஒரு நாளைக்கு இருநூறு தடவை பில்ட் ஓடுகிறது" என்பார்கள். ஓடுகிறது, உண்மை. ஆனால் அந்தச் செப்டம்பர் 27 கையெழுத்தைத்தான் இங்கே ஒரு நாளைக்கு இருநூறு தடவை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தி.

நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே ஒரு தடவை தேறி, ஒரு தடவை தோற்கும் சோதனைகளை ஆங்கிலத்தில் ஃப்ளேக்கி என்பார்கள். தமிழில் பச்சோந்தி என்று வைத்துக்கொள்ளலாம், பொருத்தமாகவே இருக்கிறது. உலாவிச் சோதனைகளில் இந்த வியாதி அதிகம். காரணம் எளிது. பக்கம் வரவேண்டும், ஸ்கிரிப்ட் ஓட வேண்டும், சர்வர் பதில் தர வேண்டும், அதன் பிறகு பொத்தான் உயிர் பெற வேண்டும். மனிதன் கண்ணால் பார்த்துக் காத்திருப்பான். நிரல் காத்திருக்காது, காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தால் ஒழிய. அவசரத்தில் எழுதுகிறவர்கள் 'மூன்று விநாடி தூங்கு' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கணினியில் மூன்று விநாடி போதும். சிஐ சர்வரில் பத்து வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும்போது நாலு விநாடி ஆகும். சிவப்பு.

கூகுளே 2016-ல் தன் கணக்கை வெளிப்படையாக எழுதியது. அங்கே சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5% பச்சோந்தித்தனமான முடிவு. சோதனைகளில் ஏறக்குறைய 16% ஏதோ ஓர் அளவில் பச்சோந்தி. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய தருணங்களை எடுத்துப் பார்த்தால் அதில் 84%-ல் ஒரு பச்சோந்தி சம்பந்தப்பட்டிருக்கிறது. உலகத்தின் ஆகச் சிறந்த பொறியாளர்கள் என்று பெயரெடுத்த இடத்தில் இந்த நிலை என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1.5% தானே என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு சோதனை ஆயிரத்தில் ஒரு தடவை மட்டும் காரணமில்லாமல் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 99.9% நம்பகம், தங்கமான சோதனை. அதைப்போல ஆயிரம் சோதனைகள். ஆயிரமும் ஒருசேரத் தேற வாய்ப்பு, 0.999-ஐ ஆயிரம் தடவை பெருக்கினால் வருவது: சுமார் 37%. நிரலில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் திரையில் சிவப்பு இருக்கும். 'புலி வருது, புலி வருது' கதைதான். பையன் தினமும் கத்துகிறான். ஊர் பழகிவிடுகிறது. அதன் பிறகு வரும் புலிக்கு ரொம்ப வசதி.

இந்த இடத்தில்தான் மறு ஓட்டம் ஆதரவாளர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். "பொய்ச் சிவப்பை வடிகட்டத்தானே திரும்ப ஓட்டுகிறோம். உண்மையான பிழை என்றால் மூன்று தடவையும் தோற்கும்." கேட்க அழகாக இருக்கிறது. இந்த நியாயத்தில் ஒரு பெரிய ஓட்டை. எந்தப் பிழை எல்லாத் தடவையும் தோற்கும்? மொண்ணையான, எளிதான பிழை. பொத்தானே இல்லை, பக்கமே திறக்கவில்லை என்ற ரகம். அதைக் கண்டுபிடிக்கச் சோதனையே வேண்டாம், திறந்து பார்க்கும் முதல் ஆளே சொல்லிவிடுவார். எல்லாரையும் உலுக்கி எடுக்கும் பிழைகள் எப்போதோ ஒரு தடவை வருபவை. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தும்போது, சர்வர் ஒரு நொடி தாமதிக்கும்போது, பயனர் பொறுமையிழந்து இரண்டு தடவை அழுத்தும்போது.

பணம் கட்டும் பக்கத்தில் அப்படியொரு பிழை இருக்கிறது, ஐந்தில் ஒரு தடவை வெளிப்படும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாய்ப்பு கொடுத்து, ஒரு தடவை தேறினாலும் தேர்ச்சி என்று அறிவித்தால், அந்தப் பிழை மாட்ட வேண்டுமானால் மூன்று தடவையும் தோற்க வேண்டும். 0.2-ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.008. அதாவது ஐந்து பேரில் ஒருவரைக் கடிக்கும் பிழை, நூற்றுக்கு 99 தடவைக்கு மேல் பச்சையாகவே தெரியும். வடிகட்டுகிறோம் என்று சொல்லி டீத்தூளைக் குடிக்கக் கொடுத்துவிட்டு டீயைக் கொட்டுகிறார்கள்.

கூகுளின் அதே 2016 எழுத்தில் இதுவும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. பச்சோந்தி என்று முத்திரை குத்தப்பட்ட சோதனை தொடர்ந்து மூன்று தடவை தோற்றால்தான் தோல்வி என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அது எழுதியவர்களையே தங்கள் சோதனையின் கோளாறைக் கண்டுகொள்ளாமல் விடத் தூண்டுகிறது, நல்ல தீர்வு என்று சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள். ஏற்பாட்டை மட்டும் நகலெடுத்த மற்ற நிறுவனங்கள், அந்த ஒப்புதலைப் படித்ததாகத் தெரியவில்லை.

"பச்சோந்திச் சிவப்பு எல்லாம் சோதனையின் கோளாறு, எங்கள் நிரலில் ஒன்றுமில்லை" என்பது அடுத்த சமாதானம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதற்கும் பதில் இருக்கிறது. 2014-ல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பாச்சியின் 51 ப்ராஜெக்ட்களில் பச்சோந்திச் சோதனைகளைச் சரிசெய்த 201 மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். காரணங்களில் முதலிடம், சரியாகக் காத்திருக்காதது, கிட்டத்தட்ட பாதி. அந்தத் திருத்தங்களில் 24% சோதனையைத் தொடவில்லை, மென்பொருளையே மாற்றின. அப்படி மாற்றியவற்றில் 94% உண்மையான பிழையைச் சரிசெய்தவை. 'அது எப்பவும் அப்படித்தான்' என்று தள்ளிவிடும் சிவப்புகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் நிஜப் புலி ஒளிந்திருக்கக்கூடும் என்று அர்த்தம். அப்பாச்சி ப்ராஜெக்ட்களுக்கு வந்த கணக்கு எல்லா நிறுவனத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதில்லை. ஆனால் தன் நிறுவனத்தின் கணக்கு என்ன என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்தான் அதை மறுத்துப் பேச முடியும். எண்ணிப் பார்த்தவர்கள் எங்கே?

கருவி செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட பிளேரைட், செலினியத்துக்குப் பிறகு வந்தவற்றில் அருமையான கருவி. பொத்தான் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்த முடிகிறதா என்று தானே பார்த்துக் காத்திருக்கும். 'மூன்று விநாடி தூங்கு' கூத்துக்கே அங்கே வேலை இல்லை. அப்படிப்பட்ட கருவி, புதிதாக ப்ராஜெக்ட் தொடங்கினால் தானாக எழுதித் தரும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: எழுதுகிறவரின் கணினியில் மறு முயற்சி பூச்சியம், சிஐ-யில் இரண்டு. எங்கே கண்டிப்பு வேண்டுமோ அங்கே சலுகை! இரண்டாம் முயற்சியில் தேறியதை அறிக்கையில் 'ஃப்ளேக்கி' என்று தனியாகக் காட்டும் நேர்மை அதற்கு உண்டு. ஆனால் மொத்த முடிவு பச்சைதான், நிரலும் உள்ளே போய்விடும். பச்சை வந்த பிறகு அறிக்கையைத் திறந்து படிக்கிறவர் யார்?

அடுத்து, இப்போதைய மோஸ்தர். 'தானே குணமாகும்' சோதனைகள் என்று விற்கிறார்கள். பொத்தானின் அடையாளம் மாறிப்போனால், சோதனை தோற்காமல் அதைப்போல இருக்கும் இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்திக்கொள்ளுமாம். பக்கத்தில் 'பணம் செலுத்து' பொத்தான் காணாமல் போனால் என்ன செய்யும் இந்தக் கெட்டிக்காரச் சோதனை? அது போகட்டும், செயற்கை நுண்ணறிவிடம் நிரலைக் கொடுத்துச் சோதனை எழுதச் சொல்வதும் நடக்கிறது. நிரல் என்ன செய்கிறது என்று படித்து, அதையே சரி என்று எழுதிக் கொடுக்கும் சோதனை, அந்த நிரலில் உள்ள பிழையையும் சரி என்றுதான் எழுதும். நூறு விழுக்காடு தேர்ச்சி நிச்சயம். மாணவனே கேள்வித்தாளும் தயாரித்தால் யாருக்குத்தான் தோல்வி?

எதையும் பிடிக்காத சோதனை என்ன செய்யும் என்று 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னப் புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் தள்ளியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அது உலாவி விவகாரம் இல்லைதான். ஆனால் நிறுவனமே பின்னர் வெளியிட்ட விளக்கத்தைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு பக்கம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மறுபக்கம் 20 மட்டுமே கொடுத்தது. அது பல கட்டச் சோதனைகளைத் தாண்டி வந்ததற்கு ஒரு காரணம், சோதித்தபோது அந்த 21-வது இடத்தில் 'எது வந்தாலும் சரி' என்ற குறியீடு இருந்தது. எது வந்தாலும் சரி! எல்லாக் கட்டமும் தேர்ச்சி.

சரி, வேறு வழிதான் என்ன என்று கேட்பவர்களுக்கு. வழி புதிதில்லை, பிடிக்காத வழி, அவ்வளவே. முதலில், ஆயிரம் உலாவிச் சோதனைகள் எதற்கு? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் ஒரே பானையில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். மென்பொருள் நூறு சின்னப் பானைகள். ஒவ்வொன்றையும் அதனதன் மூடியைத் திறந்து பார்ப்பது மலிவு, வேகம், நம்பகம். மைக் கோன் 2009-ல் எழுதிய சோதனைப் பிரமிடு சொல்வது இதுதான்: அடியில் சிறு பகுதிச் சோதனைகள் ஏராளம், உச்சியில் உலாவிச் சோதனைகள் கொஞ்சம். கூகுள் 2015-ல் தோராயமாகச் சொன்ன பங்கு 70, 20, 10. நடைமுறையில் பிரமிடு தலைகீழாக நிற்கிறது, ஏனென்றால் உலாவி தானாக ஓடி, பெட்டிகள் தானாக நிரம்புவதைக் காட்டினால் கூட்டத்தில் வாடிக்கையாளர் வாயைப் பிளப்பார். சிறு சோதனைகள் ஓடுவதைக் காட்டினால் கொட்டாவி விடுவார்.

இரண்டாவது, பச்சோந்தியைத் தனியே ஒதுக்கி வைக்கலாம், தப்பில்லை. ஆனால் பெயரும் தேதியும் போட்டு. இன்னார் பொறுப்பு, இத்தனாம் தேதிக்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனையை அழித்துவிட வேண்டும். அழிப்பதா என்று பதறுவார்கள். இருக்கிறது ஆனால் யாரும் நம்புவதில்லை என்ற சோதனையை விட, இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்த சோதனை மேல். பணம் கட்டும் பக்கத்துக்குச் சோதனையே இல்லை என்று தெரிந்தால் வெளியிடும் முன் ஒருவராவது கையால் திறந்து பார்ப்பார்.

மூன்றாவது விஷயத்தைப் பேசினால்தான் பலருக்குக் கோபம் வரும். சிவப்பு வந்தால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நிறுவனங்களில் சோதிக்கிறவருக்கு மரியாதை எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். நிரல் எழுதத் தேறாதவர்களைத் தள்ளிவிடும் இடமாகத்தான் சோதனைப் பிரிவைப் பலர் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து நின்று "மூன்று சிவப்பு, காரணம் தெரியாமல் வெளியிடக் கூடாது" என்றால் என்ன நடக்கும்? மூத்த நிரலாளர் பெருமூச்சு விடுவார், டேமேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் 'குழுவோடு ஒத்துப்போவதில்லை' என்று ஒரு வரி ஏறும். தொயோட்டாவில் கயிற்றை இழுக்கிறவரை மேற்பார்வையாளர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறார். இங்கே கயிறு இருக்கிறது, இழுத்தவனைத்தான் கட்டி வைக்கிறார்கள். எந்தக் கருவி வாங்கினாலும் இது மாறாது. மறு ஓட்டப் பொத்தானை அவ்வளவு பேர் விரும்புவதற்கும் அதுவே காரணம்: யாரும் யாரிடமும் கெட்ட செய்தி சொல்ல வேண்டியதில்லை.

பேசப்படாத இன்னொரு மோசடி, கிளைகள். தன் நிரலை மூன்று வாரம் தனிக் கிளையில் வைத்துக்கொண்டு, அந்தக் கிளையில் தினமும் ஜென்கின்ஸ் ஓட்டிவிட்டு 'எங்களிடம் சிஐ இருக்கிறது' என்று சொல்கிறவர்கள் ஏராளம். சேர்க்காத ஒன்றை எப்படித் தொடர்ந்து சேர்க்கிறார்களோ! 2000-ல் எழுதிய விதியின் முதல் வரியே அங்கே இல்லை, சர்வர் வாடகை மட்டும் மாதாமாதம் போகிறது.

பிளேரைட்டில் 2024-ல் ஒரு புதிய தேர்வு சேர்த்தார்கள். அதைப் போட்டால், மறு முயற்சியில் தேறிய சோதனை ஒன்று இருந்தாலும் மொத்த ஓட்டமும் தோல்வி என்றே முடியும். கட்டளையோடு ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்தால் போதும், காசு பணம் எதுவும் வேண்டாம். முதல் வாரம் திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும், வெளியீடு தள்ளிப்போகும், மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும். இரண்டாவது வாரமும் வரலாம்.